உன் தலைமேல் நான் அடித்த சூடம்

என் கண்ணு வடிவுக்கு, அத்தை எழுதுகிறேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னோடு வேலை பார்த்தவர்கள் உன் நினைவாக ஒரு புத்தகம் போடுகிறார்களாம். உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதுகிறார்கள், சொந்தத்தில் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். "ரெண்டு பக்கம் போதும் ஆன்ட்டி" என்றாள் உன் கூட்டாளிப் பெண். நான் என்றைக்கு ரெண்டு பக்கத்தில் பேச்சை நிறுத்தியிருக்கிறேன்? ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நல்ல வார்த்தை நாலு எழுதுவேன் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கு எழுத இருப்பது ஒன்றே ஒன்று. உன் தலைமேல் சத்தியம் செய்தேன், அதை நானே மீறினேன். அதிலிருந்து நாலாவது மாதம், நீ வகுப்பில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தாய். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். பிறவியிலேயே இருந்த பலவீனம் என்று அந்த ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்ததை உன் மாமா மூன்று பேரிடம் காட்டி, தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன். நம்பினாயா அத்தை என்று யாரும் கேட்கவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பாய்.

படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

நீ என் அண்ணன் மகள். அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். ஏழு வயதில் உன் அம்மா போன பிறகு ராயபுரத்தில் பாதி, திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் பாதி என்று வளர்ந்தாய். வெள்ளிக்கிழமை தவறாமல் உன் தலைக்கு எண்ணெய் வைத்தது இந்தக் கைதான். வடிவுடையம்மன் பெயரை உனக்கு வைக்கச் சொன்னவளும் நான்தான்.

படித்தாய், அமெரிக்கா போனாய், டாக்டர் பட்டம் வாங்கினாய். பட்டத்தோடு முதல் தடவை லீவில் வந்தபோது தெருவில் பாதிப்பேர் நாக்கை நீட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றார்கள். ஊசி போடும் டாக்டர் இல்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு ஏமாற்றம். மாமா கேட்டார், "அப்ப எதுக்குத்தான்மா நீ டாக்டரு?"

"ஒருத்தருக்கு ஒடம்பு முடியலன்னா வூடே படுத்துக்குது மாமா. நான் அந்த வூட்டுக்கு வைத்தியம் பாக்கறேன்."

"வீட்டுக்கு வைத்தியம்னா கொத்தனாரைல்லா கூப்பிடணும்" என்றார் மாமா. நீ சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. இருபது வருடம் அங்கே இருந்தும் உன் வாயை விட்டு 'கீது' போகவில்லை. பெரிய சபைகளில் இங்கிலீஷில் பேசுகிறவள், என்னிடம் வந்தால் ராயபுரம் கல்மண்டபத்துப் பெண்ணாகிவிடுவாய்.

அங்கே நீ பார்த்ததெல்லாம் பிழைப்புக்காக நாடு விட்டு நாடு வந்த குடும்பங்களை. ஓட்டல் அறை துடைக்கிற பெண்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போய் அங்கேயே நோயில் விழுந்த பெரியவர்கள். ஒருவருக்கு நோய் வந்தால் ஊரில் இருக்கிற பாதிக் குடும்பத்துக்கு அதை எப்படிச் சொல்கிறார்கள், எப்படி மறைக்கிறார்கள், கையில் இருக்கிற போன் அதற்கு என்ன செய்கிறது. இதுதான் உன் படிப்பு. ஏன் அதைப் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டவர்களுக்கு வேறு என்னென்னவோ பதில் சொன்னாய். எனக்குத் தெரியும். உன் பரீட்சை கெட்டுவிடும் என்று உன் அப்பாவின் நோயை ஆறு மாதம் உன்னிடம் மறைத்தவள் நான். "அப்பா எங்க அத்த?" என்று நீ போனில் கேட்டபோதெல்லாம் தூங்குகிறான், குளிக்கிறான், கடைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னவள் நான். நீ வந்து சேர்ந்தபோது பால் ஊற்றும் சடங்குகூட முடிந்திருந்தது. அதற்காக நீ என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அப்புறம் போனுக்கு ஒரு செயலியைச் செய்தாய். கடல் தாண்டிப் பிரிந்து கிடக்கிற குடும்பம் வாரத்துக்கு ஒரு நாள் போனில் ஒன்றாக உட்காரவேண்டும், நடுவில் நீ இருப்பாய். ஒரு பக்கம் வளைகுடாவிலோ கப்பலிலோ வேலை பார்க்கும் பிள்ளை. மறுபக்கம் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இருக்கிற அவன் வீட்டார். எங்கள் கூடத்தில்தான் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு உட்கார்ந்தீர்கள். நீ டிசம்பரிலிருந்து இரண்டு மாதம் நேரில் இருப்பாய், மற்ற மாதங்களில் நீயும் போனில்தான்.

போனை யாரும் கையில் பிடிக்கக்கூடாது என்பது உன் சட்டம். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, முட்டுக்கொடுக்க என் மிளகாய்ப்பொடி டப்பா. "போன்ல கழுத்துக்கு மேலதான் தெரியும் அத்த. நோவெல்லாம் கழுத்துக்குக் கீழ கீது" என்பாய். அந்தப் பக்கம் இருக்கிறவர்களையும் போனைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நடந்து காட்டச் சொல்வாய். எத்தனை பேருடைய நொண்டல், எத்தனை பேருடைய மூச்சிரைப்பு அப்படித் தெரியவந்தது. உன் நோய் மட்டும் கழுத்துக்கு மேலேயே இருந்தது கண்ணு. வாரா வாரம் உன் முகத்தைத்தான் பார்த்தோம், எங்களுக்குத் தெரியவில்லை.

முதலில் யாரும் வரவில்லை. ஒப்புதல் தாள் என்று நாலு பக்கம் நீட்டினால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? காசிமேட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா மட்டும் வந்து, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுடைய ஒரே மகன் வளைகுடாவில் வெல்டர். அவள் பெயரை எழுதமாட்டேன். உன் ஆராய்ச்சியில் வீடுகளுக்கு நம்பர் போட்டபோது, மனுஷங்களுக்கு நம்பரா என்று நான்தான் பூக்களின் பெயரை வைத்தேன். அந்தப் பூவையும் இங்கே மாற்றிவிட்டேன். செம்பருத்தி அம்மா என்று வைத்துக்கொள்.

"இன்னாமே இது, பத்திரம் மாரி கீது? எங்க வூட்டு கதைய பேசிட்டு போனா, நாளைக்கு ஊரே பாத்துகினு சிரிக்கும்" என்றாள்.

நீ பொறுமையாக விளக்கினாய். பெயர் வராது, பதிவு அழிக்கப்படும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அவள் முகம் மாறவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்த் தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்தேன். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன், அதே கையை உன் உச்சந்தலையில் வைத்தேன். "என் மருமவ தலைமேல சத்தியம். இந்தக் கூடத்துல பேசினது வாசப்படி தாண்டாது."

மாதா கோயிலுக்குப் போகிறவள் அவள். ஆனாலும் உடனே பேனாவை எடுத்துவிட்டாள். "எந்த சாமியா இருந்தா இன்னா. தலைமேல அடிச்சா தலைமேலதான்."

அவள் போனதும் நீ கேட்டாய். "ஏன் அத்த, அடிக்கறதுக்கு உனுக்கு என் தலதான் கெடச்சுதா?" உன் நெற்றியில் கரி ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினோரு வீடுகள் வந்தன. நாலு பக்கத் தாளால் வரவில்லை, அந்தச் சூடத்தால்தான் வந்தார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. சொல்லிவிடுகிறேன், இனி எதை ஒளிக்க?

செம்பருத்தி அம்மாவுக்கு மகன் முகத்தைப் பார்த்தால் போதும். "பாரு யக்கா, மூஞ்சி எப்டி பளபளன்னு கீது. நல்லா துன்னு குண்டாயிட்டான்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் திருஷ்டி கழித்தேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அவனோடு தனியாகப் பேச நேரம் வைத்தாய்.

தனியாகப் பேசும் நாளில் நான் மொட்டைமாடிக்குப் போய்விடவேண்டும் என்பது நம் ஏற்பாடு. அன்று பால் அடுப்பில் இருந்தது. பொங்கிவிடுமே என்று சமையலறையில் நின்றேன். அவனைப் போனைத் தரையில் வைத்துவிட்டு நடக்கச் சொன்னாய். நடந்தான். "அண்ணா, கால்ல செருப்பு ஏன் போடல?" என்று கேட்டாய். நடை நின்றது. பிறகு "செருப்பு ஏறல மேடம்" என்றான். அதற்கு மேல் எல்லாவற்றையும் சொன்னான், நான் எல்லாவற்றையும் கேட்டேன். என்ன நோய் என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு தடவை சொன்னது போதும். பால் எப்போதோ பொங்கி அடங்கியிருந்தது, நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் நானே சொல்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன், எப்படிச் சொல்வது என்று நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அவன் உன்னிடம் கேட்டான். நீ ஒத்துக்கொண்டாய். அவனும் நீயும் இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தீர்கள்.

மூன்றாவது வாரம் கல்மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். மீன் கூடையை ஓரமாக வைத்துவிட்டு ஓடிவந்து போனில் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டினாள். சின்னப் பெண், காதோரம் பூ. "பையன் அடுத்த மாசம் லீவுல வர்றான். ஓலை படிச்சிடலாம்னு ஃபாதராண்ட சொல்லிட்டேன்." கோயிலில் ஓலை வாசித்துவிட்டால் ஊரறிந்த சம்பந்தம்.

என் வாய் ஒரு நிமிஷம் சும்மாதான் இருந்தது வடிவு. அப்போது எனக்கு உன் அப்பா ஞாபகம் வந்தான். தூங்குகிறான், குளிக்கிறான் என்று நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. இன்னொரு வீட்டிலும் அப்படி நடக்கவிடக்கூடாது என்று நினைத்தேன். யாரோ பெற்ற பெண்ணும் அதில் மாட்டுகிறாளே என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறு தாயி. மொதல்ல உம் மவன்கிட்ட உடம்பு எப்படி இருக்குன்னு கேளு."

"ஏன், அவன் ஒடம்புக்கு இன்னா?"

"நீ அவன் காலைப் பாத்தியா?"

இவ்வளவுதான் சொன்னேன். அவள் அங்கேயே, ஆட்டோவும் லாரியும் போகிற ரோட்டில் நின்றபடி அவனைக் கூப்பிட்டாள். "டேய், காலக் காட்றா. மொதல்ல காலக் காட்டு." அவன் முகம் சின்னத் திரையில் அப்படியே நின்றது. "யாரு சொன்னது?" என்றான். "டாக்டரம்மா வூட்டு அக்கா" என்றாள். போன் அணைந்துவிட்டது.

அதுதான் அவள் மகனைக் கடைசியாகப் பார்த்தது. அதற்குப் பிறகு அம்மாவின் நம்பரை அவன் எடுக்கவே இல்லை. லீவுக்கும் வரவில்லை. பிறகு நீ எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்கு ஒரே ஒரு வரி பதில் போட்டான், உங்கள் மேல் கோபம் இல்லை மேடம், இனிமேல் யாரும் கூப்பிடவேண்டாம் என்று. உயிரோடு இருக்கிறானா என்றுகூட இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான் உன்னிடம் வந்து சொன்னபோது நீ கத்தவில்லை. சமையலறைத் தரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, "எந்த வார்த்தைல சொன்ன அத்த? அப்டியே சொல்லு" என்றாய். நான் சொல்லச் சொல்லத் தட்டினாய். எல்லாம் உன் பொறுப்பில்தான் நடந்தது என்று உன் பல்கலைக்கழகத்துக்கு எழுதினாய். என் பேரைப் போடு என்று கெஞ்சினேன். "நீ கையெழுத்து போடல அத்த. நான்தான் போட்டேன்."

"நான் சூடம் அடிச்சேனே."

"அதான். என் தலமேல." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். செயலி மூடப்பட்டது. பன்னிரண்டு வருட வேலை. நீ அமெரிக்காவுக்குத் திரும்பினாய். நான் கோயிலுக்கு ஓடினேன். நூற்றெட்டு சுற்று, நெய்விளக்கு, செவ்வாய் வெள்ளி விரதம். போனில் எல்லாவற்றையும் உன்னிடம் ஒப்பித்தேன். "சாமியாண்ட போய்கினே கீற. அந்தம்மாவாண்ட எப்போ போவ?" என்று கேட்டாய். போகிறேன் என்றேன். அடுத்த வாரமும் கேட்டாய். போகிறேன் என்றேன். அம்மன் முகத்தைப் பார்க்க முடிந்தது எனக்கு, அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அதற்குள் உன் கூட்டாளிப் பெண்ணிடமிருந்து போன் வந்துவிட்டது.

உன் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள்தான் காசிமேட்டுக்குப் போனேன். அவள் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். காலில் விழப் போனேன். தடுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. "டாக்டரம்மா செத்துட்டாங்களாமே" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "உன் மன்னிப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது யக்கா? அந்த நாற்காலி போனு உன்னாண்டதான கீது? அதுலர்ந்து ஒரு தபா போடு. அந்த நம்பரன்னா எடுப்பான்."

இனிமேல் கூப்பிடவேண்டாம் என்று அவன் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். நீ இருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய் என்றும் தெரியும். ஆனாலும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரச்சொன்னேன். இதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன்.

வந்தாள். தலை சீவி, நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தாள். போனை நாற்காலியில் வைத்து டப்பாவை முட்டுக்கொடுத்தேன். முழுதாக மணி அடித்து நின்றது. அடுத்த செவ்வாயும் அப்படியே. ஐந்தாவது செவ்வாய் மணி அடிக்கவில்லை. ஒரு பெண்ணின் குரல், முதலில் அந்த நாட்டுப் பேச்சில், பிறகு இங்கிலீஷில்.

"இன்னா சொல்றா அந்தப் பொண்ணு?"

எனக்கு அது தெரியும். வேறு வீடுகளுக்குப் போட்டபோது கேட்டிருக்கிறேன், நீ அர்த்தம் சொல்லியிருக்கிறாய். ஒரு தடவை வாயை மூடிக் கெடுத்தேன், ஒரு தடவை வாயைத் திறந்து கெடுத்தேன். இப்போது எது சரி என்று யாரைக் கேட்பேன்? நாற்காலியைப் பார்த்தேன். அதில் போன்தான் இருந்தது.

"அந்த நம்பர் இப்ப இல்லையாம் தாயி."

அவள் அழவில்லை. முழு டம்ளர் டீயையும் குடித்தாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி. அடுத்த செவ்வா வந்து போட்டுப் பாக்கறேன்" என்றாள். வந்தாள். இன்றுவரை வருகிறாள். அதே பெண்ணின் குரலை இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்கிறோம். இந்தக் கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். "எழுது. பேரு மட்டும் போடாத" என்றாள்.

இங்கே வேறு சேதி ஒன்றும் இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் மாடியில் காயும் துணியெல்லாம் சாம்பல். உன்னைக் கரைத்த இடத்தில் இப்போது கல் கொட்டியிருக்கிறார்கள், தண்ணீர்வரை இறங்க முடியாது. மேலே நின்று பூவை வீசுகிறேன், பாதி கல்லிலேயே விழுகிறது. பதினோரு வீட்டில் ஒருவரும் இப்போது எங்கள் வாசலுக்கு வருவதில்லை. கோயில் தெருவில் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சரிதானே?

வருகிற வெள்ளிக்கிழமை உன் கூட்டாளிப் பெண் வந்து அந்தப் போனை வாங்கிக்கொண்டு போகிறாள். அதில் இருப்பதை எல்லாம் அழித்துவிடவேண்டுமாம், நீ எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருக்கிறதாம். அந்த வீடுகள் பேசியதோடு உன் குரலும் அதில்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு இடத்தில் 'அத்த' என்று கூப்பிட்டிருக்கிறாயா என்று போட்டுக் கேட்க ஆசைதான். கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் பேசியதும் சேர்ந்து காதில் விழும். மிளகாய்ப்பொடி டப்பாவைப் போன் பக்கத்தில் வைத்து, இரண்டின் மேலும் துணி போட்டு மூடியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் வடிவு. போன் போனாலும் நாற்காலியை எடுக்கமாட்டேன். அவள் செவ்வாய்க்கிழமை வந்துகொண்டிருக்கும்வரை டீ உண்டு. என்றைக்காவது அவன் வந்தால், வரமாட்டான், வந்தால், அம்மாவும் பிள்ளையும் கூடத்தில் உட்காரட்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். பால் பொங்கி அடுப்பே அணைந்தாலும் அவர்கள் கூப்பிடாமல் இறங்கி வரமாட்டேன். இதற்குச் சூடம் ஏற்றவில்லை. யார் தலையையும் தொடவில்லை.

உன் தலைக்கு எண்ணெய் வைத்த கையாலேயே அதன்மேல் சத்தியமும் அடித்த,
உன் அப்பாவின் தங்கை,
செங்கமலம் அத்தை